எனக்கு ஏன் மெடிக்கல் சீட் கிடைத்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லேபர்கேம்ப் பெண்

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு கேள்வி. வீட்டில் கேட்டால் "கிடைச்சதுக்கு சாமியக் கும்பிட்டுட்டுப் படி" என்கிறார்கள்.

முதல் வருஷம் எம்பிபிஎஸ் படிக்கிறேன். மும்பை மாநகராட்சி நடத்தும் நாலு கல்லூரிகளில் ஒன்று. எது என்று கேட்காதீர்கள். மார்க்கும் சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்தால் எங்கள் தெருவில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பா தாராவியில் தோல் பட்டறையில் பர்ஸ் தைக்கிறார். அம்மா மாவு அரைத்து விற்கிறாள். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, அப்புறம் இங்கிலீஷ் மீடியம். நீட்டுக்கு மாட்டுங்காவில் ஒரு சின்ன டியூஷன், மிச்சம் யூடியூப்.

அந்த டியூஷனில் எனக்கு ஒரு தோழி. எட்டாவதிலிருந்து ஒரே பெஞ்சு. மாதிரித் தேர்வு எதிலும் அவளை நான் தாண்டியதில்லை. இருபது முப்பது மார்க் எப்போதும் முன்னால் இருப்பாள். இயற்பியலில் புலி. 2025 மே 4-ந் தேதி இயற்பியல் தாள் எப்படி இருந்தது என்று எழுதினவர்களுக்குத் தெரியும். ரிசல்ட் வந்தது, இரண்டு பேருக்கும் ஒரே மொத்தம். ஒரு மார்க் கூட முன்பின் இல்லை. நான் இங்கே வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படிக்கிறேன். அவள் மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், விதர்பாவில் ஒரு அரசுக் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். ராத்திரி முழுக்க ரயில்.

முதல் வாரம் பிணத்தை அறுத்துப் படிக்கும் அனாடமி ஹாலில், அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடியில் எல்லோருக்கும் கண் எரிந்து தண்ணீர் வழிகிறது. பக்கத்தில் நின்ற பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான், "எந்த கேட்டகரி?" ஓபன், பொதுப்பிரிவு என்றேன். "சும்மா சொல்லு" என்று சிரித்தான். அன்றிலிருந்து எனக்கே சந்தேகம். அலாட்மென்ட் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பெயர், மெரிட் நம்பர், கோட்டா, கல்லூரி எல்லாம் இருக்கிறது. காரணம் என்று ஒரு கட்டம் இல்லை.

கல்யாண் ஃபாஸ்ட்

சீட் கிடைத்தால் உட்காரணும். ஏன் கிடைத்தது என்று எழுந்து நின்று கேட்டால் எங்கள் லோக்கல் ரயிலில் இன்னொருத்தன் உட்கார்ந்துவிடுவான்.

ஆன்டாப்ஹில் அப்பா

அம்மாடி, உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. என் பையனுக்காக இரண்டு வருஷம் இதிலேயே கிடந்தவன் நான், ராத்திரி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஒரே மொத்தம் எடுத்தால் ஒரே ரேங்க் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரே மார்க்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிற்பார்கள். அவர்களை வரிசைப்படுத்த முதலில் உயிரியல் மார்க்கைப் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் வேதியியல், அப்புறம் இயற்பியல். அதற்கும் மேலே போனால் தப்பு விடை யாருக்குக் குறைச்சல் என்று பார்ப்பார்கள். 180 கேள்வியில் 90 உயிரியல். உன் தோழி இயற்பியலில் புலி என்கிறாய். மொத்தம் சமம் என்றால் உனக்கு உயிரியலில் கூட இருந்திருக்கும். அகில இந்திய ரேங்கில் நீ முன்னே, அதை வைத்துப் போடும் மாநில மெரிட் பட்டியலிலும் நீ முன்னே. அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து உன் பெயரைப் பார்த்து யோசிக்கவில்லை.

லேபர்கேம்ப் பெண்

ஆமாம் அங்கிள், உயிரியலில் எனக்குக் கூட. ஆனால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. கடைசி மூன்று மாதம் அவளுக்கு உயிரியல் மனப்பாடம் ஆகவில்லை என்று தினமும் சாயங்காலம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ஏறிவிட்டது. அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வாஷி அம்மா

கண்ணு, இதுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயர். 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்று இரண்டு உளவியலாளர்கள் எழுதியது. நன்றாகச் சாதித்த பெண்களே "நான் தகுதியில்லாமல் வந்துவிட்டேன், ஒருநாள் மாட்டிக்கொள்வேன்" என்று பயப்படுவதைப் பற்றி. என் பெண்ணுக்கும் இருந்தது. தூங்கு, சாப்பிடு, யாரிடமாவது பேசு.

முலுண்ட் முத்து

எல்லாவற்றுக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்தாச்சு. அந்தப் பையன் கேட்டதில் என்ன தப்பு? தாராவி, தமிழ், மாநகராட்சிப் பள்ளி. கோட்டாவில் வந்திருந்தால் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. ஓபன் என்று ஏன் அளக்க வேண்டும்?

லேபர்கேம்ப் பெண்

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது 1971. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கோட்டை வக்கீல்

முத்துவுக்குப் புரியவில்லை என்றால் நான் சொல்கிறேன், என் தொழிலே இதுதான். மகாராஷ்டிரத்தில் ஓபிசி சாதிச் சான்றிதழ் வாங்க 1967 அக்டோபர் 13-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். எஸ்சி என்றால் 1950 ஆகஸ்ட் 10. அதற்குப் பின்னால் ரயிலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, மராத்தி பேசினாலும் மாநிலச் சேர்க்கையில் ஓபனில்தான் நிற்க வேண்டும். தாராவியிலும் கோலிவாடாவிலும் பாதி வீடுகளில் இதே கதைதான். ரேஷன் கார்டு, வாடகை ரசீது, தாத்தா பெயரில் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று பெட்டியைக் குடைந்துகொண்டு என்னிடம் வருவார்கள். நாலு வருஷ வித்தியாசத்தில் திரும்பிப் போவார்கள்.

இன்னொன்று. கோட்டாவில் வந்திருந்தாலும் அந்தப் பையனுக்கு அவள் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே போனபிறகு எழுதும் பல்கலைக்கழகத் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான்.

சரி, இழைக்கு வருகிறேன். "ஏன் எடுத்தார்கள்" என்று கேட்கிறாளே, எடுக்கிறவர் என்று ஒருவர் இருந்த காலம் நம் ஊரில் இருந்தது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் முன்பு பாட மார்க் போக நேர்முகத்துக்கென்று 75 மார்க். மாநிலத்தை யூனிட் யூனிட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வுக்குழு. அது வழக்காகி, 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் அந்த யூனிட் முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் படிக்கும் தீர்ப்பு. எங்கள் பெரியப்பா அப்படி ஒரு நேர்முகத்துக்குப் போனவர். "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்களாம். "விவசாயம்" என்றாராம். "போகலாம்" என்றார்களாம். சீட் வரவில்லை. எழுபது வயது வரைக்கும், வேறு என்ன சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கூடப் பேசிக்கொண்டிருந்தார்.

செம்பூர் டாக்டர்

வக்கீல் சார் கிளப்பிவிட்டார், நானும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலூர் சிஎம்சி. 1918-இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காக ஆரம்பித்த மருத்துவப் பள்ளி அது, 1947-இலிருந்துதான் எங்களை மாதிரி ஆண்களை உள்ளே விட்டார்கள். எங்கள் காலத்தில் அவர்களே நுழைவுத் தேர்வு வைத்து, அதில் தேறியவர்களை வரவழைத்து மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். நேர்முகம் உண்டு, குழுவாகச் செய்யும் வேலைகள் உண்டு. எங்கள் குழுவுக்கு மூங்கிலும் கயிறும் கொடுத்து ஏதோ கட்டச் சொன்னார்கள். முடிச்சு எங்கே போடுவது என்று ஒரு பையனோடு எனக்குச் சண்டை. நான் சொன்ன இடத்தில் போட்டோம். பொத்தென்று விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் நின்ற ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டேன்.

கிடைத்துவிட்டது. ஏன் என்று ஐந்து வருஷமும் யோசித்தேன். தோல்வியைச் சிரித்து ஏற்கிறான் என்று எழுதியிருப்பார்களோ, பிடிவாதக்காரன் என்று பிடித்திருக்குமோ என்று எனக்கு நானே நூறு காரணம் கட்டினேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில், அன்றைக்குக் குறித்துக்கொண்டவரைப் பார்த்தேன். போய்க் காலைத் தொட்டுக் கேட்டேவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பி, உங்களை எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். ரசம் ஆறிக்கொண்டிருந்தது, போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்றைக்கும் புனே ஏஎஃப்எம்சியில், அதாவது ராணுவ மருத்துவக் கல்லூரியில், நீட்டோடு விடுவதில்லை. மார்க்கை வைத்துக் கூப்பிட்டு, மொழியறிவுக்கும் தர்க்கத்துக்கும் தனித் தேர்வு, உளவியல் சோதனை, நேர்முகம், உடல் தகுதி எல்லாம் பார்க்கிறார்கள். அங்கே படிக்கிற பிள்ளை வேண்டுமானால் ஏன் எடுத்தார்கள் என்று யோசிக்கலாம். நீ யோசிக்க இடமே இல்லை, ஆன்டாப்ஹில்காரர் சொன்னதுதான் சரி.

நியூஜெர்சி நாராயணி

முன்பு சயானில் இருந்தேன், இப்போது இங்கே. என் அண்ணன் பெண் அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூல் போட்டாள். இங்கே பெரும்பாலும் நாலு வருஷ டிகிரி முடித்துத்தான் சேர முடியும். எம்கேட் என்று ஒரு தேர்வு, 472-இலிருந்து 528 வரை மார்க். அது போக, ஏன் டாக்டராக வேண்டும் என்று கட்டுரை, எங்கள் கல்லூரி ஏன் வேண்டும் என்று இன்னொரு கட்டுரை, ஆஸ்பத்திரியில் தொண்டு, பேராசிரியர்களின் கடிதம், நேர்முகம். மார்க் சரியாக இருந்த இடத்தில் வேண்டாம் என்றார்கள். எட்டாத இடம் என்று நினைத்த ஒன்று வா என்றது. இப்போதும் வீட்டில் அந்தக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு எந்த வரிக்காக எடுத்திருப்பார்கள் என்று தேடுகிறார்கள். பாட்டி செத்ததை எழுதியிருந்தாள், அதுவாக இருக்கும் என்கிறார் அண்ணன். பாட்டி போன பிறகும் குடும்பத்துக்கு உதவியிருக்கிறாள்.

லேபர்கேம்ப் பெண்

செம்பூர் டாக்டர் சார், சிரித்தேன். நன்றி.

ஆனால் நான் முழுசும் சொல்லவில்லை. ஆன்டாப்ஹில் அங்கிள் சொன்ன கணக்கு பாதிதான். சீட் ஒதுக்கிய முதல் சுற்றில் எனக்கும் மும்பை வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் விதர்பாவில் அதே கல்லூரிதான் வந்தது.

சேர்வதற்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். விதர்பா எக்ஸ்பிரஸில் அவள் அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார், எங்கள் அப்பாவுக்கு ஆர்டர் இருந்ததால் வர முடியவில்லை. அம்மா இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கல்லூரி ஆபீசில் பெரிய க்யூ. சான்றிதழ் எல்லாம் பார்த்து முடித்ததும் கிளார்க் ஒரு தாளை நீட்டி "ரிடென்ஷன் பர்ணார் கா?" என்று கேட்டார். ஸ்டேட்டஸ் ரிடென்ஷன் ஃபாரம். இந்த இடமே போதும், அடுத்த சுற்றில் என்னை எங்கேயும் நகர்த்த வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது.

அவள் அப்பா யோசிக்கவே இல்லை. "கிடைச்சத விட்டுட்டுப் பறக்கறதப் பிடிக்கவா? போடும்மா கையெழுத்து" என்றார். அவள் போட்டாள். நான் அப்பாவைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்று போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பட்டறையில் மெஷின் ஓடினால் அவருக்குக் காதே கேட்காது. பின்னால் க்யூவில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கிளார்க் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார். "நந்தர் யே" என்றார், அப்புறம் வா என்று. அப்புறம் போனபோது ஜன்னல் சாத்தியிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தாள் வெற்றாகவே என் பையில் இருந்தது.

இரண்டாவது சுற்றில் என் பெயர் மும்பைக்கு நகர்ந்துவிட்டது. அவள் பெயர் நகரவில்லை.

ஆக, அப்பா போனை எடுத்திருந்தால் "போட்டுடும்மா" என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு நிச்சயம் தெரியும். இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆன்டாப்ஹில் அப்பா

ஓ. அப்படியா.

இனிமேல் வருகிற பிள்ளைகளுக்காக ஒன்று எழுதி வைக்கிறேன். ரிடென்ஷன் போடாவிட்டால் கையில் இருக்கும் சீட் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. நீ கொடுத்த விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே உள்ள கல்லூரி கிடைத்தால் மட்டுமே நகர்த்துவார்கள், அப்போதுதான் பழையது ரத்தாகும். மேலே எதுவும் கிடைக்காவிட்டால் இருந்த இடம் இருந்தபடி இருக்கும். அதனால் நிஜமாகவே அந்தக் கல்லூரி போதும் என்று தோன்றினால் மட்டும் போடுங்கள். அப்பாக்கள் ஆபீசில் நின்று அவசரப்படுத்தாதீர்கள். நான் அவசரப்படுத்தியவன், அதனால் சொல்கிறேன்.

வாஷி அம்மா

அண்ணா, இதை இப்போது இங்கே சொல்ல வேண்டுமா? அந்தத் தோழிப் பெண் இதைப் படித்தால்?

லேபர்கேம்ப் பெண்

பரவாயில்லை ஆன்ட்டி, அவளுக்கு இது தெரியும். இரண்டாவது சுற்று வந்த அன்றே தெரிந்துவிட்டது. அவள் அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லையாம்.

கல்யாண் ஃபாஸ்ட்

மேலே கிண்டலாக எழுதினேன், மன்னிச்சுக்கோ தங்கச்சி. இருபத்திரண்டு வருஷமாக லோக்கலில் போகிறவன், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

சாயங்காலம் சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் ஏறினால் முதல் வேலை, உட்கார்ந்திருப்பவரிடம் "கஹான் உதர்னா ஹை?", எங்கே இறங்கணும் என்று கேட்பது. தாதர் என்றால் அவர் முன்னாலேயே நிற்பேன். அவர் இறங்கினால் அந்த இடம் எனக்கு. அதற்குள் இன்னொருத்தர் என்னிடம் கேட்டு வைத்திருப்பார். நான் எழுந்தால் அது அவருக்கு. யாரும் காலி இடத்தில் போய் உட்காருவதில்லை, ஒருத்தர் இறங்கிய இடத்தில்தான் உட்காருகிறோம். உன் சீட்டும் அப்படித்தானே? எவனோ ஒருத்தனுக்கு அகில இந்தியக் கோட்டாவிலோ நாக்பூர் எய்ம்ஸிலோ கிடைத்து இறங்கியிருப்பான். அவன் இடத்துக்கு ஒருத்தி, அவள் இடத்துக்கு இன்னொருத்தன் என்று பத்துப் பேர் நகர்ந்து, கடைசியில் வந்தது உன்னிடம். அந்த முதல் ஆளுக்கு உன்னைத் தெரியவே தெரியாது.

உன் தோழி குர்லாவில், மூன்று பேர் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் நாலாவது சீட் கிடைத்ததும் போதும் என்று உட்கார்ந்துவிட்டாள். நின்றுகொண்டிருந்த உனக்கு காட்கோபரில் ஜன்னல் சீட் கிடைத்தது. நாலாவது சீட்டில் பாதி உடம்பு வெளியேதான் தொங்கும், தெரியும். ஆனால் வண்டி அவளையும் கல்யாணுக்குத்தான் கொண்டுபோகும்.

முலுண்ட் முத்து

நல்லா சொன்னீங்க. தங்கச்சி, நான் முன்னாடி எழுதினதை வாபஸ் வாங்குகிறேன். என் பையனுக்கு மூன்றாம் தடவையும் வரவில்லை, அந்தக் கடுப்பு.

கோட்டை வக்கீல்

முத்து, நாலாவது தடவை எழுதுகிறானா? எழுதினால் ஆன்டாப்ஹில்காரரிடம் பேசச் சொல்லுங்கள். விருப்பப் பட்டியல் போடத் தெரியாமல் இடம் இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆன்டாப்ஹில் அப்பா

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் தனிச்செய்தி அனுப்புங்கள் முத்து.

செம்பூர் டாக்டர்

பெண்ணே, அந்தத் தோழியோடு பேசினாயா?

லேபர்கேம்ப் பெண்

நேற்று ராத்திரி பேசினேன் சார். கல்லூரி சேர்ந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. நான்தான் கூச்சப்பட்டு விலகியிருந்தேன். அவளும் அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் பெரிய காலேஜ் ஆகிவிட்டேன் என்று.

இந்த ரிடென்ஷன் விஷயத்தை எடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "ஏ, உங்க டேபிளுக்கு எத்தனை பேரு?" என்று கேட்டாள். பதினைந்து பேர், பாதி நாள் முதுகுதான் தெரியும் என்றேன். "எங்களுக்கு எட்டு. நான் தினமும் கத்தி பிடிக்கிறேன்" என்றாள். அந்தக் குரலில் பழைய இயற்பியல் திமிர் அப்படியே இருந்தது. எனக்கு இன்னும் தோல் உரிக்கக் கூடச் சரியாக வரவில்லை.

அப்பா மேல் கோபமா என்று கேட்டேன். இருந்தது, இப்போது ஒரு பக்கம் இருக்கிறது, ஒரு பக்கம் இல்லை என்றாள். ஆனால் அவளுக்கு உண்மையான கஷ்டம் வேறு. அனாடமி படிக்க வேண்டிய மனித எலும்பு செட் கிடைக்கவில்லையாம். சீனியர்கள் கேட்கிற விலைக்கு அவர்கள் வீட்டில் முடியாது. லைப்ரரியில் இருப்பதை முறை வைத்துக் கொடுக்கிறார்கள், ராத்திரி எடுத்துப்போக விட மாட்டார்கள். நான் என்னுடையதைப் பாதி கொடுக்கிறேன் என்றேன். என்னுடையதே இன்னொரு பெண்ணோடு பங்கு.

செம்பூர் டாக்டர்

எங்கள் வீட்டுப் பரணில் என் அரை செட் ஒரு ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. மனைவி இருபது வருஷமாக அதைத் தூக்கிப்போடச் சொல்கிறாள். மணிக்கட்டு எலும்பில் ஒன்று குறையும், அதை என் மகன் சின்ன வயதில் எங்கேயோ தொலைத்தான். மற்றபடி முழுசு. அந்தப் பெண் எப்போது ஊருக்கு வருகிறாள்?

லேபர்கேம்ப் பெண்

பொங்கலுக்கு வருகிறாள் சார். நிஜமாகவா?

செம்பூர் டாக்டர்

இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். பெட்டி கனம், லோக்கலில் தூக்க முடியாது. டாக்ஸி பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவர் உள்ளே என்ன என்று கேட்டால் பாத்திரம் என்று சொல்லிவிடுங்கள்.